சி வாசித்துக் காட்டுவார்கள், நீங்கள் எஃப் கேளுங்கள்

தக்கலையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒன்பது வயது மகளுக்கு யுகுலேலே, அதாவது கிட்டார் மாதிரி நான்கு நரம்பு உள்ள சின்ன வாத்தியம், வேண்டும். கையில் மூவாயிரம் ரூபாய். நாகர்கோவிலில் ஒரு கடையில் 2,200 ரூபாய்க்கு ஒன்று எடுத்துக் காட்டினார்கள். ஆன்லைனில் 1,200 முதல் 8,000 வரை விதவிதமாகக் கிடக்கிறது. வீட்டில் மாமனார், "இது கொடைக்கடைச் சாமான், ரெண்டு மாசத்தில பரணுக்குப் போயிரும்" என்கிறார். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "எனக்குச் சங்கீதமும் தெரியாது, கிட்டாரும் தெரியாது" என்று; உங்கள் கேள்வி உண்மையில் அந்த வரியில்தான் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத ஒருவர், கடையில் கையில் எடுத்த ஒன்றை நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். அது ஏன் உங்களுக்கு உதவாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், கூடவே ரிப்பேரும் பார்க்கிறேன். கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்த கை. யுகுலேலே எனக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது; பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வந்து நின்றதால் கற்றுக்கொண்டேன். ஆகவே மலிவு விலை யுகுலேலே என் மேசைக்கு ஏராளமாக வந்திருக்கிறது, அவற்றின் நோய்கள் எனக்கு அத்துப்படி. ஹவாயில் கையால் செய்து பெரிய விலைக்கு விற்கும் ரகங்களைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் சரியான ஆள் இல்லை.

மாமனாருக்கு ஒரு பதில் தேவைப்படும். மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் வருகிற கடைகளில் கிட்டார் மாதிரி ஒன்று தொங்கும், நான்கு நரம்பு, பிளாஸ்டிக் உடம்பு, ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர். அவர் மனதில் இருப்பது அதுதான், அதைப் பற்றி அவர் சொல்வது சரியும்கூட. ஆனால் யுகுலேலே வேறு. 1879 ஆகஸ்டில் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலூலுவில் வந்து நின்றது. அதில் மரவேலை தெரிந்த மூன்று பேர் இருந்தார்கள்: மானுவேல் நூனிஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ. தங்கள் ஊர் மச்செத்தே என்ற சின்ன வாத்தியத்தை வைத்து அவர்கள் ஹவாயில் செய்ததுதான் யுகுலேலே. கலாகவுவா மன்னருக்கு அது பிடித்துப்போனது, அரண்மனை விருந்துகளுக்குள் நுழைந்தது, பிறகு கேட்க வேண்டுமா. தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போன சாமான் என்று சொல்லிப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது புரியும்.

சரி, அளவு. கடைகளில் சொப்ரானோ 21 அங்குலம், கான்சர்ட் 23 அங்குலம், டெனர் 26 அங்குலம் என்று வைத்திருப்பார்கள். பாரிட்டோன் என்று ஒன்று உண்டு, அதன் சுருதியே வேறு, இப்போது அது வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சின்னதுதான் பொருந்தும் என்று எல்லாரும் சொப்ரானோவை நீட்டுவார்கள். ஆறு வயது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒன்பது வயதுக்கு, அதுவும் மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கும்போது, என் தேர்வு கான்சர்ட். காரணம் விரல் நீளம் மட்டும் இல்லை. கான்சர்ட்டில் நட்டுக்கும் சேடிலுக்கும் இடையே நரம்பு ஏறக்குறைய 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். சொப்ரானோவில் சுமார் 345. நட் என்பது தலைப் பக்கம் நரம்புகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு. சேடில் கீழே பிரிட்ஜில், அதாவது உடம்பின் மேல் நரம்புகளைப் பிடித்திருக்கும் ஒட்டுக்கட்டையில், இருப்பது. நரம்பு எவ்வளவு குட்டையோ, செய்தவர் கை அரை மில்லிமீட்டர் தவறினாலும் சுருதி அவ்வளவு அதிகமாகப் பிசகும். செலவு பண்ணிச் செய்த சொப்ரானோவில் அந்தத் தவறு இருக்காது. மலிவு சொப்ரானோவில் இருக்கும். கான்சர்ட் கொஞ்சம் பொறுத்துப்போகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மீதி எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கடையில் யுகுலேலே கேட்டால், விற்பவர் கையில் எடுத்து ஒரு கார்டு (chord), அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக, வாசித்துக் காட்டுவார். அது அநேகமாக சி கார்டாக இருக்கும். ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பி. ஒரே விரலில், கடைசி நரம்பை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் போதும், சி வந்துவிடும். மற்ற மூன்று நரம்பும் சும்மா திறந்தே கிடக்கும். ஆகவே எவ்வளவு மோசமான யுகுலேலேயிலும் சி இனிமையாகத்தான் கேட்கும். அதோடு ஏ மைனர் போட்டுக் காட்டுவார். அதற்கும் ஒரே விரல், இரண்டாவது ஃப்ரெட்டில். நீங்கள் அவரிடம், "எஃப் வாசிங்க, அப்புறம் ஜி செவன் வாசிங்க" என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்தே ஆக வேண்டும். மலிவு வாத்தியத்தின் குறை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஏன் அங்கே? தொழிற்சாலையில் நட்டில் நரம்புக்கான பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டால் நரம்பு ஃப்ரெட்டில் இடித்துக் கரகரவென்று சத்தம் போடும். அப்படிப்பட்டதை வாங்கியவர் உடனே திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே மலிவு ரகங்களில் பள்ளத்தை அரைகுறையாக வெட்டி, நரம்பை உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். உயரத்தில் இருந்தால் கரகரப்பு வராது, விற்பனை ஆகிவிடும். ஆனால் முதல் ஃப்ரெட்டை அழுத்த நரம்பை வெகு கீழே இழுக்க வேண்டியிருக்கும். இழுத்தால் நரம்பு முறுக்கேறும், முறுக்கேறினால் சுருதி ஏறும். பிள்ளை விரலை எடுத்துவிட்டு வாசித்தால் ஒரு சுருதி, அழுத்தி வாசித்தால் வேறொரு சுருதி. விரலும் வலிக்கும். என்னிடம் படித்த ஒரு சின்னப் பெண், களியக்காவிளைப் பக்கம், இரண்டாவது வாரமே வந்து சொன்னாள்: "சாரே, எஃப் பிடிச்சா மட்டும் இது கரையுது." நம் பக்கம் கரைவது என்றால் அழுவது என்று உங்களுக்குத் தெரியும். அதைவிடச் சரியாக அந்தக் குறையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவள் அப்பா, பிள்ளைக்குக் காது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். காது நன்றாக இருந்தது. நான்கு பள்ளத்தையும் அரை மணி நேரம் அரம் போட்டுத் தாழ்த்தினேன், அழுகை நின்றது.

வாசிக்கத் தெரியாத நீங்கள் இதைக் கண்டுபிடிக்க மூன்று சாமான் போதும். மொபைலில் சுருதி காட்டும் ஒரு ட்யூனர் ஆப், முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல், காலாவதியான நான்கு ஏடிஎம் கார்டு. சிரிக்காதீர்கள். ஏடிஎம் கார்டின் தடிமன் உலகம் முழுக்க ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைத்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வெறும் ஓரத்தைப் பயன்படுத்த வேண்டும். முதல் ஃப்ரெட்டுக்கும் அதன் மேலே ஓடும் நரம்புக்கும் இடையே ஒரு கார்டின் மூலையை மெல்ல நுழையுங்கள், நரம்பை அழுத்தக் கூடாது. நரம்பைத் தூக்காமல் கார்டு தாராளமாகப் போய்வந்தால் நட் உயரம். தட்டி நின்றால் நல்லது. அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ குறி வைத்திருப்பார்கள், ஆனாலும் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே மூன்று கார்டை அடுக்கி நுழைத்தால் நுழையலாம். நான்கும் தாராளமாக நுழைந்தால், அதாவது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், மேலே வாசிக்கும்போது பிள்ளையின் விரல் நோகும். இந்த இரண்டாவது அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் முதல் வருடம் பெரிதாகப் பாதிக்காது, அதற்குள் அவள் அங்கே போகப் போவதில்லை. முதல் அளவு அப்படி இல்லை, முதல் நாளே பாதிக்கும்.

ஸ்கேல் எதற்கென்றால், நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பி வரை எவ்வளவோ, அங்கிருந்து சேடில் வரையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். நரம்பின் சரிபாதியில் அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்; பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் வேலையே அதுதான். அழுத்தும்போது சுருதி துளி ஏறும் என்பதற்காக சேடிலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைப்பது வழக்கம், அது குறை இல்லை. நான்கு ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பிரிட்ஜைத் தப்பான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள், அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்த மாதிரியே கீழே வைத்துவிடுங்கள். தையற்காரர் டேப்பில் அளக்க வேண்டாம், பழைய டேப் இழுபட்டு ஊரை ஏமாற்றும்.

ட்யூனருக்கு வருவோம். நான்கு நரம்பும் மேலிருந்து ஜி, சி, இ, ஏ. சி-யை ஸ என்று வைத்துக்கொண்டால் இது ப, ஸ, க, த. ஆர்மோனியக்காரர்கள் மொழியில் ஸ ஒன்றாம் கட்டையில் நிற்கிறது. கிட்டாரில் மேலே இருக்கும் நரம்பு எல்லாவற்றையும்விடக் கனமான சத்தம் போடும். யுகுலேலேயில் அப்படி இல்லை; இரண்டாவதாக இருக்கும் ஸதான் கனம், முதலில் இருக்கும் ப அதைவிட மேலே நிற்கும். இதைத் தெரியாமல் முதல் நரம்பு தப்பாகக் கட்டியிருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். சுருதி சேர்த்தபிறகு ஒவ்வொரு நரம்பையும் முதல் ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டுங்கள். ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதற்குக் கொஞ்சம் பின்னால் விரல் இருக்க வேண்டும், சத்தம் தெளிவாக வருகிற அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். முரட்டுத்தனமாக அழுத்தினால் நல்ல வாத்தியமும் சுருதி ஏறும். ஆப்பில் ஜி ஷார்ப், சி ஷார்ப், எஃப், ஏ ஷார்ப் என்று வரிசையாக வர வேண்டும். ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை நூறு சென்ட்டாகப் பிரித்திருக்கிறார்கள், பல ஆப்களில் அந்த எண் தெரியும். என் மேசையில் நான் வைத்திருக்கும் கணக்கு: பத்து சென்ட்டுக்குள் விலகினால் நல்லது, இருபதைத் தாண்டினால் பிள்ளையின் காதே சொல்லிவிடும். இந்த எண்கள் என் பழக்கத்தில் வந்தவை, வேறொருவர் இன்னும் கறாராக இருக்கலாம்.

முதல் ஃப்ரெட்டில் மட்டும் ஏறி, பன்னிரண்டில் சரியாக இருந்தால் நட் தான் குற்றவாளி, திருத்திவிடலாம். ஒரே ஒரு நரம்பில் மட்டும் எல்லா இடத்திலும் பிசகினால் நரம்பு மோசம், மாற்றிவிடலாம். எல்லா நரம்பிலும், மேலே போகப் போக அதிகமாகப் பிசகிக்கொண்டே போனால் ஃப்ரெட்டையோ பிரிட்ஜையோ தப்பாக வைத்திருக்கிறார்கள், அதைத் திருத்தும் செலவில் இன்னொன்று வாங்கிவிடலாம். கடையில் சத்தம் அதிகம் என்றால் மொபைல் மைக் தடுமாறும். தலையில் கவ்விப் பிடிக்கும் சின்ன ட்யூனர் இருந்தால் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள், அது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைப் பிடிக்கிறது. ஆன்லைனில் பை, வார், பிக் எல்லாம் சேர்த்து விற்கும் பொட்டலங்களில் உருப்படியான சாமான் அந்த ட்யூனர் ஒன்றுதான்.

கடைசியாக, நான்கு நரம்பு, பன்னிரண்டு ஃப்ரெட், நாற்பத்தெட்டு தட்டு. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள், மூன்று நிமிடம் ஆகும். எங்காவது ஒரு இடத்தில் மட்டும் ஒலி செத்து விழுந்தால் அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கழுத்தின் இரண்டு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கீறினால் குறித்துக்கொள்ளுங்கள். அது அரம் போட்டால் போகும். கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி பிடிப்பதுபோல நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு இருந்தால் தெரியும். முறுக்கு இருந்தால் நல்ல வார்த்தை சொல்லி விடைபெறுங்கள்.

இப்போது கம்பெனிப் பெயர் ஏன் சொல்லவில்லை என்பது. சில வருடங்களுக்கு முன் மூன்று மாணவர்களுக்காக ஒரே மாடலில் மூன்று யுகுலேலே ஒரே நாளில் ஆன்லைனில் வரவழைத்தேன். ஒன்று பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிக்க முடிந்தது. இரண்டாவதில் நட் உயரம். மூன்றாவதில் பிரிட்ஜ் நான்கு மில்லிமீட்டர் கீழே ஒட்டியிருந்தது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி குறைந்து ஒலித்தது. அதைத் திருப்பி அனுப்பினேன். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே விலை, ஒரே ஐந்து நட்சத்திரம். இந்த விலையில் கம்பெனி நல்லதா என்று கேட்டால், "இந்த ஒன்று நல்லதா?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. காலா மாதிரி யுகுலேலேக்கென்றே இருக்கும் கம்பெனிகளில் இந்த வித்தியாசம் குறைவு என்பது என் அனுபவம், ஆனால் நீங்கள் வைத்திருக்கும் பணத்தில் அவை எளிதில் அடங்குவதில்லை. ஆகவே ஆன்லைனில் வாங்கினால் திருப்பி எடுக்கும் நாட்கள் எத்தனை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டி பிரிப்பதைப் படம் பிடித்து, அன்று மாலையே மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள். "பிறந்தநாளுக்குப் பிரிக்கலாம்" என்று அலமாரியில் வைத்தால் கெடு போய்விடும்.

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விளம்பரம் முழுக்க மரம்தான் இருக்கும். முகப்புப் பலகை ஒற்றை மரத்தில் இருந்தால் ஒலி திறந்து வரும், ஒட்டுப்பலகையில் அவ்வளவு வராது. இது பொதுவாக உண்மை. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள், பிளைவுட்டில் தெரிவதுபோல அடுக்கு அடுக்காக இருந்தால் ஒட்டுப்பலகை. மூவாயிரம் ரூபாயில் நீங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும், அதற்காக வருத்தப்படாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மூன்று பக்கமும் கடல்காற்று. எங்கள் விளவங்கோடு பக்கம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் கதவே நிலையில் அடங்காது. ஒற்றைப் பலகை அந்த ஈரத்தில் உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அவ்வளவு ஆடாது. பிள்ளை வைத்துப் புழங்கும் வாத்தியத்துக்கு அது வசதி. ஒட்டுப்பலகையிலேயே மகோகனியா சப்பேலியா என்று ஒலியில் வித்தியாசம் சொல்பவர்கள் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னால் சொல்ல முடிவதில்லை, சொல்ல முடிகிறவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன். கோவா மரம் என்று எழுதியிருந்தால் அது ஊரும் இல்லை, கொய்யாவும் இல்லை. ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் வேல மர வகை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் யுகுலேலேயில் அந்தப் பெயரைப் பார்த்தால் நிறத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் என்றாலே விளையாட்டுச் சாமான் என்பதும் முழுக்கச் சரியில்லை. 1949இல் மாரியோ மக்காஃபெர்ரி என்ற கிட்டார்க் கலைஞர் அமெரிக்காவில் பிளாஸ்டிக்கில் வார்த்த யுகுலேலே கொண்டுவந்தார், நன்றாக விற்றது. அச்சில் வார்ப்பதால் ஃப்ரெட் இடம் பிசகாது. இன்றும் கடற்கரைக்கு, மழைக்கு என்று அந்த ரகம் வருகிறது. திருவிழாக் கடையில் தொங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நரம்பு விஷயத்தில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். மூவாயிரத்தையும் வாத்தியத்தில் போடாமல் ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தால், நட் திருத்தவும் ஒரு நல்ல நரம்பு செட்டுக்கும் ஆகும். மலிவு யுகுலேலேயோடு வரும் கறுப்பு நைலான் பல நேரம் மந்தமாக ஒலிக்கும், சில நேரம் தடிமன்கூட ஒரே சீராக இருப்பதில்லை. அக்குயிலா என்ற இத்தாலியக் கம்பெனியின் வெள்ளை நரம்போ, ஃப்ளோரோகார்பன் நரம்போ மாட்டினால் அதே வாத்தியம் பேச ஆரம்பிக்கும். ஃப்ளோரோகார்பன் என்பது தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த சாமான்தான். குளச்சலிலிருந்து ஒரு மாணவனின் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் துட்டு குடுக்கேளு" என்று மறுநாள் ஒரு சுருள் தங்கூசி கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாட்டிப் பார்த்தோம். தங்கூசி சாதாரண நைலான், கனம் குறைவு. ஸ நரம்பு தொளதொளவென்று தொங்கியது, சுருதி நிற்கவில்லை. ஃப்ளோரோகார்பன் நைலானைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி, தண்ணீரில் சட்டென்று அமிழ்வதும் அதனால்தான். அந்தக் கனத்தினால்தான் மெல்லிய நரம்பிலேயே விறைப்பும் கிடைக்கிறது. அந்த மனிதர் அடுத்த முறை சரியான சுருளோடு வந்தார், இன்றும் சிலருக்கு அதைத்தான் மாட்டிக்கொடுக்கிறேன். ஒன்று மட்டும்: கிட்டாரின் எஃகுக் கம்பியை யுகுலேலேயில் யாரும் மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த இழுப்பில் பிரிட்ஜ் பிய்ந்து வரும்.

புது நரம்பு முதல் வாரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் இறங்கியிருக்கும். இதை வாத்தியத்தின் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. தினமும் சேர்த்துக்கொண்டே வந்தால் பத்து நாளில் நிலைக்கும். அதன் பிறகும் ஒரே ஒரு நரம்பு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தால், தலையில் நரம்பை இறுக்கும் திருகான கீயைச் சந்தேகப்படலாம். கீ வாங்கும்போதே பல்சக்கரம் உள்ளதாகப் பாருங்கள். வயலின் மாதிரி நேராகச் செருகிய முளைகள் அழகாக இருக்கும், ஒன்பது வயதுக் கை அதில் சுருதி சேர்க்காது. கடலோரம் என்றால் சக்கரம் துருப்பிடிக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும்.

வைக்கும் இடத்தைப் பற்றி என் தவறையே சொல்கிறேன். முட்டம் லைட்ஹவுஸ் பார்க்கப் போனபோது யுகுலேலேயைக் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். இரண்டு மணி நேரம். திரும்பி வந்தபோது பசை இளகி பிரிட்ஜின் ஒரு மூலை தூக்கியிருந்தது. இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் செய்த வேலை அது. தகரக் கொட்டகை, ஓட்டுக்கு அடியில் மச்சு, கார் இதெல்லாம் வேண்டாம். மழைக்காலத்தில் பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கலாம். அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்று நான் அளந்து பார்த்ததில்லை, கெடுதல் இல்லை என்பதால் செய்கிறேன்.

நட் திருத்த யாரிடம் போவது என்றால், கிட்டார் ரிப்பேர் தெரிந்த எவரும் செய்வார். கேஸ் வெல்டிங் நாசிலைச் சுத்தம் செய்யும் மெல்லிய அரக்கம்பிகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். வீட்டில் முயற்சி செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை நரம்பை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இழுப்பு அதிகமானால் கரகரப்பு வந்துவிடும். அப்படி வந்தாலும் பள்ளத்தில் கொஞ்சம் ஆப்பச் சோடாவைப் போட்டு ஒரு துளி சூப்பர் குளூ விட்டால் கல்லாகிவிடும், மறுபடி அரத்தை எடுக்கலாம். நான் தொழில் பழகியதே அப்படிச் சோடா போட்டுப் போட்டுத்தான்.

பின்னால் கிட்டாருக்குப் போனால் இது வீணாகாதா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கிட்டாரின் கீழ் நான்கு நரம்பில் ஐந்தாவது ஃப்ரெட்டில் காப்போ, அதாவது எல்லா நரம்பையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி, மாட்டினால் வருவது இதே ஜி, சி, இ, ஏ. ஜி மட்டும் ஒரு ஸ்தாயி இறங்கியிருக்கும். ஆகவே இங்கே பழகிய விரல் அமைப்பு அங்கே அப்படியே உட்காரும். மகள் தொடர்ந்து வாசிப்பாளா என்பது வேறு கேள்வி, அதற்கு எந்தச் சோதனையும் என்னிடம் இல்லை. மூன்று மாதம் தாண்டியவர்களில் பாதிப்பேர் கிறிஸ்துமஸ் கேரல் வரும்போது இன்னும் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், ட்ரம் சத்தத்தில் யுகுலேலே யாருக்கும் கேட்காது என்றாலும்கூட.

அந்த 2,200 ரூபாய் யுகுலேலேயை நான் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் நிறம் தெரிகிறது, நட் தெரியவில்லை. ஃப்ரெட்டை எண்ணிப் பார்த்ததில் கான்சர்ட் மாதிரிதான் இருக்கிறது, கீயும் பல்சக்கரக் கீ. கடையில் கூட்டமில்லாத ஒரு காலை நேரம் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏடிஎம் கார்டை நுழைத்துப் பாருங்கள், ஸ்கேல் வைத்து அளங்கள், எஃப் வாசிக்கச் சொல்லுங்கள். நட் உயரம் மட்டும்தான் குறை என்றால் நூறோ இருநூறோ குறைக்கச் சொல்லி வாங்கிவிடுங்கள், மார்த்தாண்டம் பக்கம் வரும்போது கொண்டுவந்தால் நான் பார்த்துத் தருகிறேன். அளந்து பார்க்கவே விட மாட்டேன் என்று கடைக்காரர் முகம் சுளித்தால், திருவனந்தபுரம் போய்வருவது ஒரு நாள் வேலைதான், அங்கே பத்தை எடுத்துப் பார்க்க விடுவார்கள்.